ஏழு இரவுகள்: கிரீம் மீண்டும் சேர்ந்தபோது
(இசை ரசிகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

2005 மே 2ஆம் தேதி இரவு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் மேடைக்கு மூன்று பேர் வந்தார்கள். கிட்டாரோடு எரிக் கிளாப்டன், வயது 60. பேஸ் கிட்டாரோடு ஜாக் புரூஸ், வயது 61. டிரம்ஸுக்குப் பின்னால் ஜிஞ்சர் பேக்கர், வயது 65. இதே மேடையில் 1968 நவம்பர் 26 அன்று கடைசிக் கச்சேரி வாசித்துவிட்டுக் கலைந்துபோன பிரிட்டிஷ் ராக் குழுவான கிரீம். அந்த மே மாதம் 2, 3, 5, 6 ஆகிய நான்கு இரவுகள் அங்கே வாசித்தார்கள். அக்டோபர் 24, 25, 26 மூன்று இரவுகள் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வாசித்தார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூவரும் ஒரே மேடையில் நிற்கவே இல்லை.

ஏழே இரவுகள். இதைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இருக்கிறது. அந்த முதல் நான்கு இரவுகள் ஏன் அவ்வளவு நன்றாக அமைந்தன, பிந்தைய மூன்று ஏன் கசந்தன என்று யோசித்தால், 1968இல் இந்தக் குழு ஏன் உடைந்தது என்பதற்கும் சேர்த்து விடை கிடைக்கிறது. என் விடை இதுதான்: ஒருவர் வாசிப்பதை மற்ற இருவரும் காதுகொடுத்துக் கேட்டபோதெல்லாம் அது கிரீம். கேட்காதபோது அது ஒரே மேடையில் மூன்று தனித்தனிக் கச்சேரி.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம்.

ஜாக் புரூஸ் ஸ்காட்லாந்துக்காரர். கிளாஸ்கோவில் செல்லோவும் இசையமைப்பும் படித்தவர். அங்கே மாணவர்கள் ஜாஸ் வாசிக்கக் கூடாது என்றார்கள். புரூஸ் படிப்பை விட்டார், ஜாஸை விடவில்லை. பேக்கர் லண்டன் லூயிஷாமில் பிறந்தவர், அவரும் ஜாஸ்காரர்தான். ஃபில் சீமன் என்கிற டிரம்மரிடம் ஆப்பிரிக்கத் தாளங்களின் இசைத்தட்டுகளைக் கேட்டு, தாளம் என்றால் என்னவென்று புதிதாகக் கற்றுக்கொண்டவர். இருவரும் அறுபதுகளின் தொடக்கத்தில் கிரஹாம் பாண்ட் என்பவரின் குழுவில் சேர்ந்து வாசித்தார்கள். அந்தக் குழுவில் ஆரம்பத்தில் கிட்டார் வாசித்தவர் ஜான் மெக்லாக்லின். பின்னாளில் எல். ஷங்கரின் வயலினோடும் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் சேர்ந்து ‘சக்தி’ குழுவில் வாசித்தாரே, அவரேதான். ஒரே குழுவில் எப்படிப்பட்ட ஆட்கள் இருந்திருக்கிறார்கள் பாருங்கள்.

ஆனால் புரூஸுக்கும் பேக்கருக்கும் ஆகவே ஆகாது. பேஸ் கிட்டார் என்பது தாளத்தோடு ஒட்டி, அடியில் அடக்கமாக நடக்க வேண்டும் என்பது பேக்கரின் கட்சி. புரூஸுக்கோ பேஸும் பாட வேண்டும், கிட்டார் ஒரு பக்கம் போனால் தான் இன்னொரு பக்கம் போய் எதிர்ப்பாட்டுப் பாட வேண்டும். நீ அதிகமாக வாசிக்கிறாய் என்று அவர் சொல்ல, இவர் முறைக்க, மேடையிலேயே கைகலப்பு வரை போயிருக்கிறது. கடைசியில் பேக்கர்தான் புரூஸைக் குழுவிலிருந்து நீக்கினார். நீக்கிய பிறகும் புரூஸ் கச்சேரிகளுக்கு வந்து நின்றார் என்றும், பேக்கர் கத்தியைக் காட்டி விரட்டினார் என்றும் சொல்வார்கள்.

இது இப்படியிருக்க, 1966இல் பேக்கர் புதுக்குழு தொடங்க நினைத்தார். அப்போது ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த கிளாப்டனைத் தேடிப்போனார். கிளாப்டனுக்கு அன்று 21 வயது. லண்டன் சுவர்களில் அவரைக் கடவுள் என்று எழுதிவைத்த காலம். கச்சேரி முடிந்து பேக்கர் தன் காரில் கிளாப்டனைக் கூட்டிக்கொண்டு திரும்பும் வழியில் விஷயத்தைச் சொன்னார். கிளாப்டன் உடனே சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: பேஸுக்கு ஜாக் புரூஸ் வர வேண்டும். பேக்கர் அதிர்ந்துபோய் வண்டியை எங்கேயோ விட்டு மோதப் பார்த்தாராம். இருவருக்கும் இடையே இருந்த பகை கிளாப்டனுக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் புரூஸ் வாசித்த விதம்தான். சிறிது காலம் மேயால் குழுவில் புரூஸோடு சேர்ந்து வாசித்திருந்தார்.

பேக்கர் போய் புரூஸிடம் பேசி அழைத்துவந்தார். ஆக, கிரீம் என்கிற குழுவே சண்டையைத் தற்காலிகமாக ஒத்திவைத்து உருவான குழு. 1966 ஜூலை கடைசியில் மான்செஸ்டரில் ஒரு சின்னக் கிளப்பில் முதல் கச்சேரி, இரண்டு நாள் கழித்து வின்ட்சர் ஜாஸ் அண்ட் ப்ளூஸ் விழா. இரண்டு ஆண்டு சொச்சம்தான் இருந்தார்கள். அதற்குள் நான்கு ஆல்பங்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ். ராபர்ட் ஜான்சன் 1936இல் டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் தனி ஆளாகக் கிட்டாரோடு பாடிப் பதிந்த ‘கிராஸ்ரோட்ஸ்’ பாட்டு, ஹவ்லின் உல்ஃபுக்காக வில்லி டிக்ஸன் எழுதிய ‘ஸ்பூன்ஃபுல்’, மட்டி வாட்டர்ஸ் பாடிய ‘ரோலின் அண்ட் டம்ப்ளின்’, ஸ்கிப் ஜேம்ஸின் ‘ஐ ஆம் சோ கிளாட்’. இவற்றை எடுத்து மின்சாரக் கிட்டாரில் ஏற்றி, ஜாஸ்காரர்களின் மனோதர்மத்தை உள்ளே விட்டார்கள். புதுமை அங்கேதான் இருந்தது. மூன்று வாத்தியத்தில் ஒன்றுகூடத் துணைவாத்தியம் இல்லை. பேஸும் பேசும், டிரம்ஸும் பேசும்.

ஸ்கிப் ஜேம்ஸைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவர் அந்தப் பாட்டை 1931இல் பதிவு செய்தார். இசைத்தட்டு விற்கவில்லை, அவரும் இசையை விட்டு ஒதுங்கிப்போய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியாமல் இருந்தார். அறுபதுகளில் இளைஞர்கள் சிலர் தேடிப்போய்க் கண்டுபிடித்தபோது அவர் மிசிசிப்பியில் ஒரு மருத்துவமனையில் நோயாளியாக இருந்தார். கிரீம் தங்கள் முதல் ஆல்பத்தில் அந்தப் பாட்டைச் சேர்த்து, அவர் பெயரையும் முறையாகப் போட்டதால், ராயல்டியாகச் சுமார் 10,000 டாலர் அவருக்கு வந்தது. அவர் வாழ்நாளில் இசையால் கிடைத்த பெரிய தொகை அது ஒன்றுதான். 1969இல் அவர் இறந்தார். அந்தக் காலத்தில் ப்ளூஸ் பாட்டுகளை எடுத்தாண்ட வெள்ளைக்காரக் குழுக்கள் எல்லாமே இப்படி நடந்துகொண்டன என்று சொல்ல முடியாது. அதனால்தான் சொல்கிறேன்.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

1967 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ ஃபில்மோர் அரங்கில் வாசித்தபோது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசியுங்கள் என்று அவர்களை விட்டுவிட்டார்கள். தரையில் உட்கார்ந்து கேட்கும் இளைஞர் கூட்டம், அவசரமே இல்லாத ஊர். மூன்று நிமிடப் பாட்டு பத்து நிமிடமாயிற்று, பதினைந்து நிமிடமாயிற்று. 1968 மார்ச்சில் அதே ஊரின் வின்டர்லேண்ட் அரங்கில் பதிவான ‘ஸ்பூன்ஃபுல்’ பதினாறு நிமிடத்துக்கும் மேலே ஓடும். அதே நாட்களில் பதிவான ‘கிராஸ்ரோட்ஸ்’ நாலேகால் நிமிடம்கூட இல்லை, ஆனால் இன்று வரை கிட்டார் கற்கிற பிள்ளைகள் முட்டிமோதிப் பார்க்கிற பதிவு அது.

அதே சமயம் ஒலி கூடிக்கொண்டே போயிற்று. கிளாப்டனுக்குப் பின்னாலும் புரூஸுக்குப் பின்னாலும் ஆளுயர மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் அடுக்குகள். ஒருவர் கூட்டினால் மற்றவரும் கூட்டுவார். நடுவில் பேக்கர். டிரம்ஸுக்கு இன்றைக்குப் போல ஒவ்வொன்றுக்கும் மைக் வைத்துப் பெருக்கும் வசதி கிடையாது. கையாலும் காலாலும்தான் ஈடுகொடுக்க வேண்டும். மேடையில் இருப்பவர் அடுத்தவர் வாசிப்பதைக் கேட்க மானிட்டர் ஸ்பீக்கரும் இல்லாத காலம். தன் காது கெட்டதற்கு புரூஸின் ஆம்ப்ளிஃபையர்தான் காரணம் என்று பேக்கர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைசி அமெரிக்கப் பயணங்களில் ஒருநாள் கிளாப்டன் பாட்டின் நடுவே வாசிப்பதை நிறுத்திப் பார்த்தார். கையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றார். புரூஸும் பேக்கரும் கவனிக்கவே இல்லை, அவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள். கிளாப்டனே சொன்னது இது. மூவர் மட்டுமே இருக்கும் ஒரு குழுவில் ஒருவர் நிறுத்தியது மற்ற இருவருக்கும் தெரியவில்லை என்றால், அந்தக் குழு அன்றைக்கே முடிந்துவிட்டது. நவம்பரில் நடந்தது வெறும் அறிவிப்பு.

வேறு காரணங்களும் உண்டு. 1968இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் ஜான் லாண்டாவ் எழுதிய விமர்சனம், கிளாப்டன் பழகிய ப்ளூஸ் சொற்களையே திருப்பித் திருப்பி வாசிக்கிறார் என்றது. உணவகத்தில் அதைப் படித்துவிட்டு மயங்கியே விழுந்தேன் என்று கிளாப்டன் பின்னால் சொன்னார். அதே ஆண்டு ‘தி பேண்ட்’ என்ற குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அவசரமில்லாமல், ஒருவருக்கொருவர் இடம் விட்டு, பாட்டுக்காக வாசிக்கிற இசை. அதைக் கேட்டதும் தாங்கள் போகிற வழி தப்பு என்று கிளாப்டனுக்குப் பட்டுவிட்டது.

பணமும் ஒரு காரணம்தான், அதை மறைப்பதற்கில்லை. பாட்டெழுதியவர் பெயரில் பெரும்பாலும் ஜாக் புரூஸும், அவரோடு வரிகள் எழுதிய கவிஞர் பீட் பிரவுனும் இருப்பார்கள். ‘சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967 ஜனவரியில் கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் கச்சேரியைப் பார்த்துவிட்டு வந்த புரூஸுக்கு அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்த இசைத் துணுக்கு, கிடைத்தது. பிரவுனோடு இரவெல்லாம் உட்கார்ந்து வேலை செய்து, விடிகிற நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்து பிரவுன் முதல் வரியை எழுதினார். கிளாப்டன் ஒரு பகுதி சேர்த்தார், அவர் பெயரும் வந்தது. ஆனால் அந்தப் பாட்டின் தாள நடையை அமைத்தது நான்தான், ‘வைட் ரூம்’ பாட்டுக்கு ஐந்து எண்ணிக்கையில் அந்தத் தொடக்கத்தைக் கொடுத்தது நான்தான் என்று பேக்கர் கடைசி வரை சொன்னார். டிரம்மருக்கு ராயல்டி இல்லை. ‘வைட் ரூம்’ தொடக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஐந்தெண்ணிக்கையை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டு என்ன ஆகும்? பேக்கர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1968க்கும் 2005க்கும் நடுவில் நடந்ததை விரிக்கப் போவதில்லை. கிளாப்டன் உலகப்புகழ் பெற்றார். பேக்கர் நைஜீரியா போய் லாகோஸில் ஸ்டுடியோ கட்டினார், அந்நாட்டு இசைக்கலைஞர் ஃபேலா குட்டியோடு வாசித்தார், போலோ விளையாட்டுக்காகக் குதிரைகளை வாங்கிப் பணத்தைக் கரைத்தார், கடைசியில் தென்னாப்பிரிக்காவில் குடியேறினார். புரூஸ் விதவிதமான இசையில் ஆல்பம் மேல் ஆல்பமாகப் போட்டார், இசைக்காரர்கள் கொண்டாடினார்கள், கடைகளில் விற்றது குறைவு. 1993 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது மூவரும் மூன்று பாட்டு சேர்ந்து வாசித்தார்கள். உடனே மீண்டும் சேரப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. கிளாப்டன் வரவில்லை. அவர் இடத்தில் கிட்டார்காரர் கேரி மூரை வைத்து புரூஸும் பேக்கரும் ஒரு ஆல்பம் போட்டார்கள், அதுவும் சீக்கிரமே கலைந்தது.

அப்புறம் நோய் வந்தது. 2003இல் புரூஸுக்குக் கல்லீரல் புற்றுநோய். மாற்றுக் கல்லீரல் பொருத்தினார்கள், உடல் அதை ஏற்க மறுத்து, பிழைப்பாரா என்று இருந்தது. மெல்ல மெல்லத் தேறி வந்தார். பேக்கருக்கு மூட்டுவாதம். டிரம்ஸ்காரருக்கு மூட்டு போனால் என்ன மிஞ்சும்? இத்தனை ஆண்டு மறுத்துவந்த கிளாப்டன்தான் இந்த முறை தானாகக் கேட்டார்: சேர்ந்து வாசிக்கலாமா, எல்லோரும் உயிரோடும் வாசிக்கும் நிலையிலும் இருக்கும்போதே? காரணம் அவ்வளவு எளிமையானது. எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது அதனால்தான். அவருக்குப் பணமும் தேவையில்லை, பெயரும் தேவையில்லை. மற்ற இருவருக்கும் இரண்டுமே தேவைப்பட்டன.

இப்போது அந்த மே மாதத்துக்கு வருவோம்.

சில வாரங்கள் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். அறுபதுகளில் இதற்கெல்லாம் நேரமே இருந்ததில்லை. மேடையைப் பார்த்தவுடனே வித்தியாசம் தெரியும். கிளாப்டன் பின்னால் அந்த மார்ஷல் சுவர் இல்லை, சின்ன ஃபெண்டர் ஆம்ப்ளிஃபையர்தான். கையில் அந்தக் காலத்து கிப்சன் கிட்டார் இல்லை, ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார். பழைய அந்தக் கனத்த, இழைந்து ஓடும் ஒலி எங்கே என்று ரசிகர்கள் பலர் குறைப்பட்டார்கள். அந்தக் குறை நியாயம்தான், ‘வைட் ரூம்’ போன்ற பாட்டில் எனக்குமே பழைய ஒலி வேண்டும் போலிருக்கிறது. ஆனால் கிளாப்டன் ஒலியைக் குறைத்ததால் கிடைத்தது என்ன என்று பாருங்கள். பேக்கரின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது. புரூஸ் பேஸில் ஒரு சுரத்தைத் தொட்டு வளைப்பது கேட்கிறது. 1968இன் மேடைப் பதிவுகளில் இதையெல்லாம் இரைச்சலுக்குள் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதல் பாட்டாக ‘ஐ ஆம் சோ கிளாட்’ எடுத்தார்கள். ஸ்கிப் ஜேம்ஸ் பாட்டு. 1969இல் வந்த அவர்களின் கடைசி ஆல்பமும் இதே பாட்டின் மேடைப் பதிவோடுதான் தொடங்கும். விட்ட இடத்திலேயே தொட்டார்கள். அதற்கடுத்து ‘ஸ்பூன்ஃபுல்’. பழைய பதினாறு நிமிடத்தில் பாதிகூட இல்லை. சுருங்கிவிட்டது என்று சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ப்ளூஸில் ஒரு வரி பாடிவிட்டு, கிட்டார் பதில் சொல்ல இடம்விட்டு, அடுத்த வரிக்குப் போவது மரபு. அந்த இடைவெளிதான் 1968இல் காணாமல் போயிருந்தது. ஆல்பர்ட் ஹாலில் அது திரும்ப வந்தது. புரூஸ் ஒரு வரியைப் பாடி முடிக்கிறார், கிளாப்டன் இரண்டே சுரத்தில் பதில் சொல்கிறார், நிறுத்துகிறார். அந்த நிறுத்தத்தில் பேக்கர் ஒரு சின்ன உருட்டல் போடுகிறார். அதிகமாக ஒன்றும் இல்லை, குறைவாகவும் இல்லை.

‘ரோலின் அண்ட் டம்ப்ளின்’ பாட்டில் புரூஸ் பேஸையே கீழே வைத்துவிடுகிறார். வாயில் ஹார்மோனிகா, கிளாப்டன் ஒரே ரிஃபை விடாமல் சுழற்ற, பேக்கர் அடியில் ஓட்ட, மூவரும் ஓட்டமாக ஓடுகிறார்கள். மாற்றுக் கல்லீரலோடு, ஒன்றரை ஆண்டுக்கு முன் மரண வாசலில் இருந்த மனிதர் ஊதுகிற மூச்சு அது. அந்தக் கச்சேரிகளில் அவர் இடையிடையே முக்காலியில் உட்கார்ந்து கொள்வார். பாடும்போது மட்டும் குரலில் எந்தக் குறையும் தெரியாது.

எனக்கு எல்லாவற்றிலும் மேலாகத் தோன்றுவது ‘வி ஆர் கோயிங் ராங்’. புரூஸ் மட்டுமே எழுதிய பாட்டு, 1967 ஆல்பத்தில் இருக்கிறது. பேக்கர் சாதாரணக் குச்சிகளை வைத்துவிட்டு, நுனியில் பஞ்சு சுற்றிய குச்சிகளை எடுத்துக்கொள்கிறார். டமடம என்று ஆறு எண்ணிக்கையில் ஒரு சுழற்சி, அலை வருவதும் போவதுமாக. புரூஸின் குரல் மெல்ல மேலே ஏறுகிறது. கிளாப்டன் ரொம்ப நேரம் ஏதும் செய்வதில்லை, ஓரமாக ஒன்றிரண்டு சுரம் மட்டும் வைக்கிறார். நாற்பது ஆண்டுகளாக ஒருவரையொருவர் வெறுத்த இரண்டு பேர், பேக்கரும் புரூஸும், இந்த ஒரு பாட்டில் ஒருவர் மூச்சை ஒருவர் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பேக்கர் சத்தத்தைக் கூட்டினால் புரூஸ் ஏறுகிறார், புரூஸ் இறங்கினால் பேக்கர் இறங்குகிறார். பேசித் தீர்க்க முடியாததை இப்படி வாசிக்க மட்டும் எப்படி முடிந்தது என்று எத்தனை முறை கேட்டாலும் வியப்புதான்.

அப்புறம் ‘டோட்’. பேக்கரின் டிரம்ஸ் தனி. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வரும்போது சிலர் காபி குடிக்க எழுந்து போவார்கள், அதுபோல ராக் கச்சேரியிலும் டிரம்ஸ் தனிக்கு எழுந்து போகிறவர்கள் உண்டு. ஆல்பர்ட் ஹாலில் யாரும் அசையவில்லை என்று நான் நம்புகிறேன், ஏனென்றால் பதிவில் அவர் ஒரு வேகக் காட்சி நடத்தவில்லை, கதை சொல்கிறார். இரண்டு கால்களும் இரண்டு பேஸ் டிரம்களில் ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்ள, கைகள் அதற்கு மேலே வேறு கணக்குப் போடுகின்றன. மூட்டுவாதக்காரரின் கைகால்கள் அவை.

‘பேட்ஜ்’ என்கிற பாட்டை கிளாப்டன் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனோடு சேர்ந்து எழுதினார், கிரீமின் கடைசி ஆல்பத்தில் வந்தது. குழு கலைந்துகொண்டிருந்த சமயத்தில் பதிவானதால் மேடையில் வாசிக்கப்படவே இல்லை. 2005இல்தான் கிரீம் அதை முதன்முறையாக மேடையில் வாசித்தது. டி-போன் வாக்கரின் ‘ஸ்டார்மி மண்டே’ பாட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். மெதுவாகப் போகிற ப்ளூஸ். இருபத்து மூன்று வயதில் கிளாப்டன் இதை இவ்வளவு நிதானமாக வாசித்திருக்க மாட்டார். ப்ளூஸ் இளைஞர்களின் இசை இல்லை. மட்டி வாட்டர்ஸ், ஜான் லீ ஹூக்கர் எல்லாம் முதுமையிலும் மேடை ஏறினார்கள். அதே 2005இல் பி.பி. கிங் எண்பது வயதைத் தொட்டு, இன்னும் ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருந்தார். கிரீம் இருபதுகளில் எடுத்துக்கொண்ட பாட்டுகளுக்கு அறுபதுகளில்தான் அவர்களுக்கு வயது வந்தது என்பேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மே 6ஆம் தேதி இரவோடு.

நிறுத்தவில்லை. அக்டோபரில் நியூயார்க். ஆல்பர்ட் ஹாலில் ஐயாயிரம் பேருக்குச் சற்று மேல் உட்காரலாம், மேடிசன் ஸ்கொயர் கார்டன் சுமார் இருபதாயிரம் பேர் கொள்ளும் விளையாட்டரங்கம். 1968 விடைபெறும் பயணத்திலும் நவம்பர் 2 அன்று அங்கே வாசித்திருக்கிறார்கள். இந்த முறை லண்டனுக்குச் செய்த ஒத்திகையைச் செய்யவில்லை. போதிய ஒத்திகை இல்லை, வாசிப்பில் உயிரில்லை, பழைய வன்மங்கள் திரும்பிவிட்டன என்று கிளாப்டன் தன் சுயசரிதையில் எழுதினார். மேடையிலேயே புரூஸ் தன்னைப் பார்த்துக் கத்தினார் என்று பேக்கர் பிறகு சொன்னார். சண்டை எதைப் பற்றி? ஒலியளவு பற்றி. முப்பத்தேழு ஆண்டு கழித்தும் அதே சண்டை. யார் சத்தம் யாரை மூடுகிறது என்கிற சண்டை.

லண்டனில் அரங்கம் சின்னது, ஒத்திகை நிறைய, வந்தவர்களில் பலர் இது கிடைக்குமா என்று வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தவர்கள். மூவருக்கும் ஒருவரையொருவர் கேட்கத் தோன்றியது. நியூயார்க்கில் பெரிய அரங்கம், பெரிய தொகை, குறைந்த தயாரிப்பு. கேட்பது நின்றது. அங்கே வாசித்தது மோசம் என்று நான் சொல்லவில்லை, அன்று இருந்தவர்களில் பலர் பரவசப்பட்டுத்தான் திரும்பினார்கள். ஆனால் மூவரின் மனசும் அங்கே உடைந்துவிட்டது.

பிறகு எத்தனையோ முறை கேட்டார்கள், உலகப் பயணம் போகலாமே, புது ஆல்பம் போடலாமே என்று. கடைசி நாட்களில் நிலைமை பழையபடி ஆகும் ஆபத்துக்கு ரொம்பக் கிட்டே போய்விட்டது, விலகிக்கொள்வதுதான் சரி என்ற பொருளில் கிளாப்டன் பேட்டியில் பேசினார். இதற்காக அவரைத் திட்டுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். இவருக்கு வசதி இருக்கிறது, மற்ற இருவருக்கும் அந்தப் பயணம் எவ்வளவு உதவியிருக்கும் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் தள்ளவில்லை. புரூஸும் பேக்கரும் அந்த ஏழு இரவுகளில் பெரிய தொகை சம்பாதித்திருக்கக்கூடும். இன்னும் ஓராண்டு ஓடியிருந்தால் கடைசிக்காலம் கவலையில்லாமல் போயிருக்கும். ஆனாலும் 1968ஐ இன்னொரு முறை வாழ்ந்து பார்க்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அது நடந்திருந்தால் ‘வி ஆர் கோயிங் ராங்’ போன்ற ஒரு பதிவு கிடைத்திருக்காது, பெரிய பெரிய அரங்கங்களில் மூன்று பேர் தனித்தனியாக வாசித்த பதிவுகள்தான் கிடைத்திருக்கும்.

2006 பிப்ரவரியில் கிராமி அமைப்பு கிரீமுக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. 2014 அக்டோபர் 25 அன்று ஜாக் புரூஸ் 71 வயதில் காலமானார். அவருக்காகக் கிளாப்டன் சிறிய கிட்டார் இசை ஒன்றை அமைத்து வெளியிட்டார். 2019 அக்டோபர் 6 அன்று பேக்கர் 80 வயதில் போனார். அடுத்த பிப்ரவரியில் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் கிளாப்டன் அவருக்காக ஒரு அஞ்சலிக் கச்சேரி நடத்தினார். கிரீம் பாட்டுகளை வாசிக்க வேறு ஆட்கள் வேண்டியிருந்தது.

ஆல்பர்ட் ஹால் பதிவு 2005 அக்டோபரிலேயே வெளிவந்துவிட்டது, படமாகவும் கிடைக்கிறது. நேரம் இருப்பதால் இப்போது ‘ஸ்பூன்ஃபுல்’ பாட்டை இரண்டு முறை போடச் சொல்லியிருக்கிறேன். முதலில் 1968 வின்டர்லேண்ட், அடுத்து 2005 லண்டன். கிட்டாரைத் தேடிப் போக வேண்டாம், அது தானாகக் காதில் விழும். இரண்டு முறையும் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். புரூஸ் எங்கே கிளாப்டனுக்கு இடம் விடுகிறார், எங்கே விடவில்லை என்று பாருங்கள். கேட்டு முடித்துவிட்டு, என்னோடு உடன்படாதவர்கள் எழுந்து பேசலாம்.